நிமிர்ந்தால் தூக்கிப் போடுகிறது, குனிந்தால் திட்டு விழுகிறது

2 பிப்ரவரி 2025, கேள்வி (திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

எட்டு மாதமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். வயது 34. நடையில் பிரச்சினை இல்லை. டிராட் என்னும் துள்ளு ஓட்டம் தொடங்கியதும் மூட்டையைப் போலத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பயிற்றுநர் "நிமிர்ந்து உட்காருங்க" என்கிறார். நிமிர்ந்தால் இன்னும் மோசம். கொஞ்சம் குனிந்தால் அடி குறைகிறது, ஆனால் திட்டு விழுகிறது. முப்பதைத் தாண்டியவர்களுக்கு இது உடம்பில் ஏறாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2 பிப்ரவரி, இரவு

மறுக்கிறேன். நான் ஏறத் தொடங்கியபோது வயது 37. இப்போது 43. துணிக்கடைக் கணக்குப் பிரிவில் நாளெல்லாம் கணினி முன்னால் கூன் போட்டு உட்காரும் வேலை. எனக்கு ஏறியது.

உங்கள் பயிற்றுநர் சொல்வது சரி, சொல்லும் சொல்தான் போதவில்லை. "நிமிர்" என்றதும் நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூட அணிவகுப்பு நினைவுக்கு வந்து நெஞ்சைத் தள்ளுகிறோம், தோளைப் பின்னுக்கு இழுக்கிறோம், இடுப்புக்கு மேலே முதுகு வில்லாக வளைந்து பூட்டிக்கொள்கிறது. பூட்டிய முதுகு எதையும் வாங்கிக்கொள்ளாது. குதிரையின் முதுகு மேலே வரும்போது அப்படியே உங்களை எறிந்துவிடும்.

ஒரு மரப் பெஞ்சில் உள்ளங்கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து உட்காருங்கள். இரண்டு எலும்புகள் கையில் குத்தும். நெஞ்சைத் தள்ளினால் அவை பின்பக்கம் பார்க்கும். கூன் போட்டால் முன்பக்கம் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் நேராகக் கீழே குத்தும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம்தான் நிமிர்வு. தோளை மறந்துவிடுங்கள், அந்த இரண்டு எலும்பு போதும்.

பக்கத்திலிருந்து யாராவது பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூலில் வர வேண்டும். நாற்காலியில் உட்காருவது போல அல்ல, காலை அகட்டி நிற்பது போல இருக்க வேண்டும் என்று கிரேக்கத்துச் செனபோன் கி.மு. 4-ம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். அவர் காலத்தில், பாதத்தை வைக்கும் வளையமான அங்கவடியே கிடையாது.

3 பிப்ரவரி

ஒன்று விட்டுப்போனது. அங்கவடி வாரின் நீளம். ஏறுவதற்கு முன்னால், வார் சேணத்தில் மாட்டியிருக்கும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள். கையை நீட்டி அங்கவடியை இழுத்தால் அது அக்குளைத் தொட வேண்டும். தோராயமான அளவுதான், ஆனாலும் தொடங்கப் போதும். நீளம் அதிகமானால் அங்கவடியைத் தேடிக் கால் துழாவும், பாதம் நுனியில் நிற்கும். பலர் இதைப் பார்க்காமலே முதுகைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

9 பிப்ரவரி

யாரிடம் கற்றீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முதல் நான்கு மாதம் ஓர் இடத்தில். பெயர் வேண்டாம். அங்கே குதிரைக்கும் எனக்கும் ஒரே சாட்டைதான், குதிரைக்குத் தோலில், எனக்குச் சொல்லில். விட்டுவிட்டேன்.

அப்புறம் மதுரையை ஒட்டிய ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தோப்பில் குதிரை வளர்க்கும் ஒரு பாயிடம் போனேன். வாலிப வயதில் மதுரை ரயில் நிலையத்திலிருந்து ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டியவர். குதிரையேற்றப் பள்ளி எதையும் பார்த்தவர் இல்லை. எனக்கு இருக்கை, அதாவது குதிரை மேல் உட்காரும் விதம், புரிந்தது அவரால்தான்.

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். ஆட்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்தால் ஏர்க்கால் (குதிரையின் இருபுறமும் நீளும் வண்டிக் கட்டை) குதிரையின் முதுகை அழுத்தும். பின்னால் சரிந்தால் ஏர்க்கால் மேலே கிளம்பி வயிற்று வாரை இழுக்கும். அதனால் வண்டிக்காரர் புறப்படும் முன் சவாரிகளை "கொஞ்சம் முன்னால வாங்க, பெரியம்மா பின்னால நகருங்க" என்று மாற்றி உட்கார வைப்பார். முன்பாரம், பின்பாரம் என்பார்கள். என் வயதில் மதுரையில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும்.

முதல் நாள் என்னைச் செவலை மேல் ஏற்றிவிட்டு, பாய் பக்கத்திலேயே நடந்து வந்தார். செவலை என்பது ஒரு மார்வாரிப் பெண் குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். முதுகு, தோள், குதிகால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தங்கச்சி, முன்பாரம்." கொஞ்ச தூரம் போனதும், "இப்ப பின்பாரம்." அவ்வளவுதான். நான் என் எடையை நகர்த்திப் பார்த்தேன். ஓர் இடத்தில் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதே நேரம் செவலை கழுத்தைத் தாழ்த்தி மூக்கால் 'புர்ர்' என்று மூச்சு விட்டது. கால்கள் நீண்டு விழத் தொடங்கின.

"அதுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றார்.

பாரத்தைச் சுமப்பவர் யார் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். முன்பு போன இடத்தில் நான் எப்படித் தெரிகிறேன் என்பதிலிருந்து தொடங்கினார்கள்.

23 பிப்ரவரி

சரி, விளையாடிக் கற்றுக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். தலைப்புக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். எனக்கு இதுதான் முக்கியம்.

நடையில் பாரம் பிடிபட்ட பிறகும் டிராட் இரண்டு மாதம் பிடிபடவில்லை. எலும்பைப் பார், தோளைப் பார், மூச்சைப் பார் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் ஓடும். பட்டியல் ஓடும்போது உடம்பு கட்டையாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயின் பேத்தி, ஒன்பது வயதுப் பெண், எனக்கு முன்னால் செவலை மேல் ஏறினாள். ஒரு கையில் கரண்டி, அதில் எலுமிச்சை. தம்பியோடு பந்தயம், தம்பி தரையில் ஓடுகிறான். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தேன். யாரும் நிமிரச் சொல்லவில்லை. கரண்டி ஆடாமலிருக்க இடுப்பு தானாக ஆடியது.

அன்றே நானும் கரண்டி கேட்டு வாங்கினேன். முதல் சுற்றில் எலுமிச்சை விழுந்தது, நான்காவது சுற்றில் நின்றது. அந்த நான்கு சுற்றில் என் முதுகைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அதிலிருந்து நாங்கள் செய்வது சில.

ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த, நான் கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பின்னங்கால் முன்னால் வருகிறது என்று சொல்ல வேண்டும். இடது பின்னங்கால் முன்னே வரும்போது நம் இடது இடுப்பு இறங்கும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. பத்தும் சரியாக வந்த நாளில் எனக்குப் பரீட்சையில் தேறிய சந்தோஷம்.

இன்னொன்று சொற்கட்டு. குதிரையின் நடைக்கு நான்கு அடி, குளம்பு ஒவ்வொன்றாக விழும்: தகதிமி. டிராட்டுக்கு இரண்டு, மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும்: தக, தக. கேன்டர் என்னும் தாவு ஓட்டத்துக்கு மூன்று: தகிட. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் மூச்சைப் பிடிக்க முடியாது. மூச்சைப் பிடிக்காவிட்டால் வயிறு இறுகாது. டிராட்டில் தூக்கிப் போடுகிற பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

பார்வையும் உண்டு. குதிரையின் காதையே பார்த்தால் தலை கவிழும். மனிதத் தலை கிட்டத்தட்ட 5 கிலோ, அது போகும் பக்கம் முதுகும் போகும். எங்களுக்கு வசதியாக எதிரே யானைமலை கிடக்கிறது. அதன் தும்பிக்கையைப் பார்த்துக்கொண்டே போவேன்.

25 பிப்ரவரி

நேற்று ஒருவருக்குத் தனியாக எழுதியதைத் திருத்துகிறேன், மற்றவர்களும் படிக்கட்டும். தொடைக்கும் சேணத்துக்கும் நடுவில் பூவரச இலையை வைத்து அது விழாமல் ஓட்டும் விளையாட்டைச் சொல்லியிருந்தேன். வேண்டாம். நான் ஒரு மாதம் செய்தது, அதனால் சொன்னேன். இரவெல்லாம் யோசித்ததில், அந்த மாதம்தான் என் முழங்கால் இறுக்கிப் பிடிக்கக் கற்றது என்று இப்போது தெரிகிறது. இலை விழாது, ஆனால் துணி கவ்வும் கிளிப்பைப் போலக் கால் மூடி, உடம்பு சேணத்தை விட்டு மேலே எழும்பும். கெண்டைக்காலும் சேர்ந்து இறுகினால் குதிரை அதை 'போ' என்று எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடும். நாம் பயந்து இன்னும் இறுக்குவோம்.

கரண்டி விளையாட்டு உடம்பைத் திறக்கிறது. இலை விளையாட்டு மூடுகிறது. எல்லா விளையாட்டும் நல்ல விளையாட்டு இல்லை.

26 பிப்ரவரி

ஹெல்மெட் கட்டாயம். நடையிலும், பத்து நிமிடத்துக்கும், குழந்தைக்கும், எனக்கும்.

16 மார்ச்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: தக-தக சொன்னதும் மூச்சு வந்ததாம், அடி பாதி குறைந்ததாம், ஆனால் முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறதாம். ரொம்ப சந்தோஷம், வலி தவிர.

அந்த வலி இறுக்கிப் பிடிப்பதால் வருவது. இன்னொரு காரணமும் இருக்கும்: குதிகாலை அழுத்தச் சொல்லியிருப்பார்கள். அழுத்தினால் கால் முன்னே போய்க் கணுக்கால் பூட்டிக்கொள்ளும், நாற்காலி இருக்கை வந்துவிடும். குதிகால் தானாக இறங்க வேண்டும். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலைத் தொங்க விடுங்கள். கெண்டைக்கால் நீளும். அந்தத் தொங்கல்தான் வேண்டும், மிதி இல்லை.

டிராட்டில் ஒரு கணம் நான்கு காலும் தரையில் இருக்காது. ஒரு மூலைவிட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. அதனால் முதுகு மேலே வருவது இயல்பு, குதிரையின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. அந்த அடி இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூன்று இடத்தில் கரைய வேண்டும். ஒன்றைப் பூட்டினால் மற்ற இரண்டும் தாங்காது.

இப்போதைக்கு எழுந்து உட்காரும் டிராட்டே செய்யுங்கள். எழுந்திருக்க முயல வேண்டாம், குதிரை எறிகிறதே, அந்த எறிதலிலேயே இடுப்பை முன்னால் விட்டுவிடுங்கள். வட்டத்தில் போனால், வெளிப்பக்கத்து முன்னங்கால் தோள் முன்னே போகும்போது எழ வேண்டும். உட்காருவதை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். நீங்கள் பொத்தென்று விழுவது செவலை மாதிரி ஒரு ஜீவனின் முதுகெலும்பு மேல்.

13 மே

நேற்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ஆழ்வார்புரம் பக்கம் விடியும் முன்பே போய் நின்றோம். கூட்டத்தில் நசுங்கினாலும் கண் ஒரே இடத்தில் இருந்தது.

தங்கக் குதிரையில் அழகர். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இந்த முறைதான் கீழே பார்த்தேன். வாகனத்தைத் தாங்கி வரும் சீர்பாதம் தாங்கிகளின் கால்கள். மேடும் பள்ளமும் மணலும் தண்ணீரும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மடங்கி விரிகிறது, தண்டு தோளில் மெல்ல எழுந்து அமர்கிறது. ஒருவர் பள்ளத்தில் காலை வைத்தார், அந்த இறக்கத்தை அவர் இடுப்பே வாங்கிக்கொண்டது, மேலே அழகரின் மாலை லேசாக அசைந்ததோடு சரி. இத்தனை லட்சம் பேரும் அவர் நேராக, கம்பீரமாக வருகிறார் என்று கும்பிடுகிறோம். அந்த நேர் எங்கிருந்து வருகிறது என்றால் கீழே வளைந்து கொடுக்கும் முழங்கால்களிலிருந்து.

2 பிப்ரவரியில் எலும்பு, தூக்குக்குண்டு என்று எழுதினேன். தவறில்லை. ஆனால் தூக்குக்குண்டு என்றால் சுவர் ஞாபகம் வரும், சுவர் நகராது. இனி யாராவது கேட்டால் சித்திரைத் திருவிழாவுக்குப் போய்த் தாங்கிகளின் காலைப் பாருங்கள் என்பேன்.

அக்னி நட்சத்திரம் முடியும்வரை எங்களுக்கு விடிகாலை அரை மணி நடை மட்டும்தான்.

15 மே

"உயிருள்ள விலங்கின் மேல் விளையாட்டு மனநிலை என்பது பொறுப்பின்மை" என்று ஒருவர் கடுமையாக எழுதியிருக்கிறார். கோபம் எனக்குப் புரிகிறது, சுற்றுலா இடங்களில் குதிரையை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பதில் சொல்ல வேண்டும்.

2022-ல் நான் விழுந்தேன். கண்மாய்க் கரை. கருவேல முள்ளில் மாட்டியிருந்த ஒரு பாலித்தீன் தாள் காற்றில் படபடத்தது. அதை முதலில் பார்த்தது நான், செவலை இல்லை. பார்த்ததும் 'ஐயோ, மிரளப் போகிறது' என்று நினைத்தேன். லகான் இறுகியது, தொடை இறுகியது, மூச்சு நின்றது. அதற்குப் பிறகுதான் அது மிரண்டது. மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டு.

2009-ல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே பாதையில் ஆட்கள் குதிரையை நடத்தியோ ஓட்டியோ போய் வந்தார்கள். நான்காவது முறை, 'இப்போது பக்கத்தில் ஒரு குடை விரியும்' என்று ஆட்களிடம் மட்டும் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரைகளின் துடிப்பும் ஏறியது. படித்ததும் எனக்குக் கண்மாய்க் கரைதான் நினைவுக்கு வந்தது. ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கத் தெரிந்த பிராணி அது. என் பயத்தை அதனிடம் மறைக்க முடியுமா?

நான் விளையாட்டு என்பது குதிரையைப் பொம்மையாக்குவது இல்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று நம் உடம்பு நினைக்கும் நிலை. இப்போது பாலித்தீன் தாளைப் பார்த்தால் தகதிமி சொல்லத் தொடங்குகிறேன், தூரமாக ஒரு வட்டம் போட்டுக் கிட்டே வருகிறேன். செவலை காதைத் திருப்பி என்னைக் கேட்கிறது. போன மாதம் ஒரு தாளை மூக்கால் தொட்டுப் பார்த்தது.

24 ஜூன்

'குதிரை நம் ஊர்ப் பிராணியே இல்லை' என்று பேச்சு போய்விட்டது, நானும் கொஞ்சம் சேர்ந்து போகிறேன்.

உண்மைதான், பாண்டியர்களுக்குக் குதிரை கடல் வழியாக வந்தது. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இங்கே மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கும் மேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் சொல்கிறார். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை, வியாபாரிகள் லாடக்காரர்களை இங்கே வர விடுவதில்லை என்பது அவர் சொல்லும் காரணம். மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பாண்டியனின் பொன்னை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழிக்க, இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்த கதையை ஆவணி மூலத்தில் இன்றும் நடத்துகிறோம். இரவில் அவை நரியாகி ஓடிவிட்டன. லாயத்தில் இருப்பது காலையில் இருக்குமா என்ற கவலை இந்த ஊருக்குப் பழசு போலிருக்கிறது.

கொள்ளு எவ்வளவு என்று கேட்டவருக்கு: ஊறவைத்து, குறைவாக. வயிறு நிறைய வேண்டியது புல்லும் சோளத்தட்டையும். தண்ணீர் நாளுக்கு 30, 40 லிட்டர், வெயிலில் இன்னும் கூட.

கேன்டர் பற்றி ஒரு வரி: ஊஞ்சலில் உட்கார்ந்து நாமே உந்துவோமே, அந்த இடுப்பு. அதற்கு மேல் எழுதினால் கெடுத்துவிடுவேன்.

13 ஜூலை

ரொம்ப நாள் சொல்லத் தயங்கியது. செவலை நேராகப் போகாது, எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும். இறங்கிப் பின்னால் நின்று பார்த்தால் சேணமும் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். பின்னங்காலில் நோவு இருந்தாலும் சேணம் நகரும் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அதன் காலில் ஒன்றுமில்லை.

பாயின் மனைவி தோப்பில் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளிச்சென்று புரிந்தது. எட்டு வயதிலிருந்து கல்யாணம் வரை தெருக் குழாயிலிருந்து குடம் சுமந்தேன், எப்போதும் இடது இடுப்பில். இடுப்பு இடப்பக்கம் தள்ளும், தோள் வலப்பக்கம் சாயும். குடத்தை இறக்கி இருபது வருடம் ஆகியும் என் இடுப்பு அதை இறக்கவில்லை. செவலைதான் அதைச் சுமந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரமாக வீட்டில் காலிக் குடத்தை வலது இடுப்பில் வைத்து நடக்கிறேன். மகளும் சேர்ந்துகொண்டாள், அவளுக்கு இது விளையாட்டு. நொண்டி ஆடினால் எந்தக் கால் பலவீனம் என்று தெரிந்துவிடுகிறது, இடது காலில் எனக்கு நாற்பது தாவல், வலதில் பதினேழு. உங்களுக்கு எது பழக்கம், புத்தகப் பையா, கைப்பையா, பைக்கில் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவதா, பாருங்கள்.

10 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட திருமங்கலத்துக்காரர் இன்று தோப்புக்கு வந்தார். அவர் அனுமதியோடு எழுதுகிறேன்.

பாய் அவரைச் செவலை மேல் ஏற்றிவிட்டு, வழக்கம் போலப் பக்கத்தில் நடந்தார். "தம்பி, பின்பாரம்." மூன்று சுற்று. பிறகு பேத்தி கரண்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் கூச்சப்பட்டார், வாங்கினார். டிராட்டில் முதல் எலுமிச்சை விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது சுற்றில் தக-தக என்று சத்தம் கேட்டது. அவர்தான், தெரியாமலே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். எலுமிச்சை கரண்டியில் உருண்டதே தவிர விழவில்லை. சேணத்துக்கும் அவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. நாங்கள் யாரும் பேசவில்லை.

அவருக்கு வலது வாரில் ஒரு துளை குறைக்க வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம்.

அவருக்குப் பிறகு நான் ஏறி நான்கு சுற்று போனேன். இறங்கியதும் பின்னால் போய் நின்று பார்த்தேன். சேணம் இன்னும் இடப்பக்கம்தான். ஆனால் முன்பு மூன்று விரல் அகலம். இன்று ஒரு விரல்.